அவருக்காக நான் நடந்த நடை

என் வீட்டுக்காரர் பத்திரம் எழுதுகிறவர். காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். நாற்பத்தைந்து வயதிலேயே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் அவர் கையில் பிரஷர் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, "ரத்தக் குழாயெல்லாம் இறுகிக் கெடக்கு. தெனமும் அரை மணி நேரம் நிக்காம நடக்கணும். அஞ்சு நிமிசம் நடந்துட்டு உக்காந்தா பிரயோசனமில்ல" என்றார்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினால் அரை மணி இருக்கும் என்று நானே முடிவுகட்டி அவரை விரட்டினேன். பத்து நாள் போனார். மூச்சு வாங்குவதுகூடக் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால், ஜோலி இல்லாமல் நடக்கிற ஆம்பளையை எங்கள் ஊர் சும்மா விடுமா? "என்ன அண்ணாச்சி, தெனமும் ரயிலைத் தவறவிட்டுட்டுத் திரும்புதியளா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து தெருமுனைக் காப்பிக் கடையோடு நின்றுகொண்டார்.

எனக்கு வாய் நீளம். திட்டித் தீர்த்தேன். மனுஷர் அசையவில்லை. அந்த வருஷம் அம்மன் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. ஊர்ச்சனம் நேர்ந்துகொண்டு கோயில் பிரகாரத்தை நூற்றியெட்டு முறை சுற்றும். முடியாதவர்களுக்காக வீட்டில் இன்னொருவர் சுற்றுவதும் உண்டு. "உங்களுக்காக நான் சுத்துதேன்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

தூணோரம் புளியமுத்துகளோடு உட்கார்ந்துகொள்வார். நான் ஒரு சுற்று முடிக்க, ஒரு முத்தைத் தள்ளி வைப்பார். "ஏட்டி, மெள்ளப் போ. கால் வலிக்கும்லா" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. ஆடி முடிந்த பிறகும் நான் விடவில்லை. தினமும் சாயங்காலம் அரை மணிக்குக் குறையாமல் சுற்றினேன், அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குரிய நடையை நடந்தாகிவிட்டது என்ற நிம்மதியில், அப்புறம் அவரை நான் விரட்டவே இல்லை. என்ன முட்டாள்தனம்! திட்டிக்கொண்டேயாவது இருந்திருக்கலாம்.

தை மாதம் ஒரு காலையில் வேட்டி கட்டும்போது அவருடைய வலது கை துவண்டு விழுந்தது. "கையைக் காணோம்ட்டி" என்றார். அதற்குப் பிறகு பேச்சு குழறிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார். அவருடைய பத்திரப் பையில் காகிதங்களுக்கு அடியில் அந்தப் புளியமுத்துகள் கிடந்தன. அவற்றை மடியில் கொட்டிக்கொண்டு அழுதேன்.

நடையை மட்டும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல இத்தனை வருஷமும் நடந்திருக்கிறேன். போன மாதம் ஒரு டாக்டர் பெண் என் கையில் பட்டை கட்டிப் பார்த்து அசந்துபோனாள். "இந்த வயசுல ரத்தக் குழாய் சின்னப் பொண்ணுக்கு இருக்கிற மாதிரி இருக்கே. என்ன பாட்டி செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"இது எனக்குச் சேர வேண்டியதில்லம்மா" என்றேன்.