சகலை வீட்டுக்கு ஒரு நிகழ்காலம்

ஐம்பத்துமூன்று வயதில் நான் ஒரு மொழியின் நிகழ்காலத்தை மட்டும் கற்றுக்கொண்டேன். இறந்தகாலம், எதிர்காலம் பக்கம் போகவில்லை. மொழி லிங்காலா, காங்கோ நாட்டுக்காரர்கள் பேசுவது. கல்வி ஆர்வம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் காரணம் பொறாமை. என் சகலை செந்திலுக்கு அது பேச வரும்.

மனைவியின் தங்கை கணவர் என்பவர் கடவுள் நமக்கென்று தனியாகச் செய்து அனுப்பும் அளவுகோல். செந்திலுக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம். டெக்சாஸில் இர்விங் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே அபார்ட்மென்ட். எதிர்க் கதவில் காங்கோவின் கின்ஷாசாவிலிருந்து வந்த ஜோசப் குடும்பம்; மரியாதையாகப் 'பாப்பா' ஜோசப், அதாவது அப்பா. குழந்தைகள் ஒன்றாக விளையாட, இவர் பார்க்கிங் லாட்டில் நின்று பேசிப் பேசியே பிடித்துக்கொண்டார். தலைமுடியும் அவருக்கு இன்னும் இருக்கிறது.

"செந்திலப் பாருங்க, ஆப்பிரிக்கா பாஷைகூட பேசறாரு. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேத்து பாஷை எக்செல்" என்பாள் வசந்தா.

அவர் இப்போது இர்விங்கிலேயே சொந்த வீடு வாங்கிவிட்டார். சனிக்கிழமை கிரகப்பிரவேசம். ஜோசப்பும் அவருடைய சர்ச் ஆட்களும் வருகிறார்கள். வசந்தா ஒரு வாரம் முன்பே தங்கைக்கு உதவப் போய்விட்டாள். அவர்கள் எல்லோர் முன்னாலும் நான் லிங்காலா பேசவேண்டும். 'எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும்' என்று வசந்தா ஒரே ஒரு தடவை சொல்லவேண்டும். என் டெக்சாஸ் பயணத்தின் நோக்கம் முழுவதும் இவ்வளவுதான்.

வெள்ளி, மதியம். நான் இருக்கும் எடிசனிலிருந்து நூவர்க் விமான நிலையம் இருபது மைல், டாக்ஸிக்கு அறுபது டாலர். ஓட்டுநர் கானா நாட்டுக்காரர். ஆப்பிரிக்கா என்றால் பக்கத்துத் தெருதானே என்ற நம்பிக்கையில் அவரிடம் இரண்டு வினைச்சொற்களை ஒப்பித்துக் காட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அழகா இருக்கு சார். இந்தியாவுல எந்தப் பக்கத்து பாஷை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

விமானம், நடு இருக்கை, நான்கு மணி நேரம். பாடத்தைத் திருப்பிப் பார்க்க நல்ல இடம். விஷயம் சுலபம்தான். அகராதியில் வினைச்சொல் 'கோ' என்று தொடங்கும். 'கோயெபா' என்றால் அறிதல். அந்தக் 'கோ'வைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஆளை உட்கார வைக்கவேண்டும். நான் என்றால் ந, நீ என்றால் ஓ, அவன் அவள் இருவருக்கும் அ, நாம் என்றால் தோ, நீங்கள் போ, அவர்கள் ப. கடைசியில் இருக்கும் ஆகாரத்தை இகரமாக்கினால் நிகழ்காலம் தயார். நயெபி, எனக்குத் தெரியும். ஓயெபி, உனக்குத் தெரியும். அயெபி, அவருக்குத் தெரியும், அதாவது செந்திலுக்கு.

தமிழில் ஆள் யார் என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, குற்றவாளி யார் என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். கல்யாணமானவர்களுக்கு இது பெரிய வசதி. லிங்காலாவில் வாயைத் திறந்ததுமே மாட்டிக்கொள்வோம்.

'கோலிங்கா', விரும்புதல். நலிங்கி, ஓலிங்கி, அலிங்கி, தோலிங்கி, போலிங்கி, பலிங்கி. ஆர்கன்சாஸ் மேலே விமானம் குலுங்கியபோது கொஞ்சம் வேகமாகச் சொன்னேன் போலிருக்கிறது. ஜன்னலோரத்து அம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

"நிறுத்தாதீங்க. உங்க மந்திரம் வேலை செய்யுது."

டாலஸ் விமான நிலையத்துக்குச் செந்திலே வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.

"வாங்க சகல. ப்ளைட்ல ஏதாச்சும் சாப்டீங்களா?"

இருபது நிமிடத்தில் வீடு. இரண்டு கார் நிற்கும் கராஜ், பின்னால் எலுமிச்சை மரம். மரத்தில் காய் வேறு. எடிசனில் என் மரத்தில் இதுவரை காய்த்தது அண்டை வீட்டுக்காரரின் பிளாஸ்டிக் பை ஒன்றுதான்.

சனி காலை பால் பொங்கியது, ஹோமப் புகையில் ஸ்மோக் அலாரமும் பொங்கியது. பதினோரு மணிக்கு ஜோசப் வந்தார், பூப்போட்ட சட்டைகளும் தலைக்கட்டுகளுமாகப் பன்னிரண்டு பேரோடு. செந்தில் "ம்போதே!" என்று வணக்கம் சொல்லி ஓட, ஜோசப் அவரைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொள்ள, இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ!

பொறுத்தேன். பஃபேயில் முதல் சுற்று முடிந்து எல்லோரும் பின்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வேட்டியை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"பெரியப்பா, ப்ளீஸ், டோன்ட்" என்றாள் செந்திலின் மகள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அவர்கள் முன் போய் நின்றதும்தான் ஒன்று உறைத்தது. முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க நம் ஆட்களுக்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு. 'சாப்டீங்களா' என்ற அந்த வாசலுக்கு இறந்தகாலம் வேண்டும்; கையிலிருந்த நிகழ்காலத்தோடு அதில் நுழைந்தேன்.

"போலிங்கி கோலியா?" நீங்கள் சாப்பிட விரும்புகிறீர்களா?

சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். "ஏ!" என்றார் ஒருவர். ஆமாம் என்று பொருள். அடுத்தவரும் "ஏ!" மூன்றாவது அம்மாள் காலித் தட்டையே நீட்டிவிட்டார்.

சாப்பிடுகிறீர்களா என்று வாயால் கேட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பும் வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. உள்ளே போய் சாம்பார் வாளியைத் தூக்கிவந்தேன். பிறகு வடை. பிறகு கேசரி. கேள்வி ஒன்றுதான் கைவசம் என்பதால் ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டேன். கேட்டவர்கள் எல்லாம் மரியாதைக்காவது "ஏ" என்றார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் வயிற்றைத் தடவி "நலிங்கி தே" என்றார். வேண்டாம். கடைசியில் 'தே' போட்டால் எதிர்மறை. இலக்கணம் கண்முன் நடக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. அவருக்கும் ஒரு வடை வைத்தேன்.

இதற்குள் செந்தில் ஜோசப்போடு எலுமிச்சை நிழலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வசந்தா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். முகத்தில் இருந்தது பெருமையா என்று பார்ப்பதற்குள் யாரோ ரசம் கேட்டார்கள்.

ஞாயிறு மாலை தனியாகத் திரும்பினேன். வசந்தா இன்னும் ஒரு வாரம் இருக்கிறாள். டாக்ஸியிலிருந்து இறங்கும்போது எங்கள் எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாகக் கையசைத்துக்கொள்கிறோம். அவர் எந்த மொழி பேசுகிறவர் என்று எனக்குத் தெரியாது. செந்திலாக இருந்தால் இந்நேரம் அந்த வீட்டுச் சமையலறை வரை போயிருப்பார். அதற்கும் கொஞ்சம் பொறாமைப்பட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வசந்தாவின் போன்.

"ஏங்க, நேத்து உங்களப் பத்தி ஜோசப் அங்கிள் செந்தில்கிட்ட அவ்ளோ பேசினாராம்."

"என்ன சொன்னார்?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன்.

"அடுத்த மாசம் அவங்க பொண்ணுக்குக் கல்யாணமாம். அந்த கேட்டரிங்காரர் ஃப்ரீயா இருப்பாரான்னு கேட்டாராம். பாஷை சுமார்தானாம், ஆனா வேண்டாம்னாலும் விடாம போடறாராம்."