சார்ட்டில் 'வலி இல்லை' என்று எழுதினேன்

ஒரு நோயாளியின் தலையணை உறை மாற்றும்போது உள்ளேயிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. ஒரு முனை முழுக்கப் பல் தடம், நூல் பிரிந்து இரத்தக் கறை வேறு.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ஆஸ்பிட்டல் அசிஸ்டன்ட், டாக்டருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்க்கும் வேலை. அந்தக் கட்டிலில் இருந்தவர் அஞ்சலை. பக்கத்துச் சிலிபின் வட்டாரத்து விலாசம், அதற்கு மேல் எதுவும் எனக்குத் தெரியாது. மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புவரை போயிருந்தது. குணமாக்க வழியில்லை, வலியில்லாமல் வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. "வலி என்று சொன்னால் மார்ஃபின் என்ற வலிமருந்து கொடு" என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆறு நாள் கேட்டேன். ஆறு நாளும் "இல்லைங்கையா" என்றார். நானும் சார்ட்டில் 'வலி இல்லை' என்று எழுதிவிட்டுப் போனேன். மருந்துப் போத்தலை யாரும் திறக்கவே இல்லை.

துண்டை அவர் மகளிடம் காட்டினேன்.

"ஆளில்லாதப்ப இதக் கடிச்சிக்கிட்டுக் கெடக்குது அண்ணே. சொல்லும்மான்னா, ஏசுவாங்கங்குதுலா."

"யாரு ஏசுவா?"

அஞ்சலை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீங்க பீடோர்ல நம்ம தோட்டத்து டிரஸர்தானேங்கையா."

தூக்கிவாரிப் போட்டது. எழுபதுகளில் அந்த ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் நான்தான். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, உடம்புக்கு முடியவில்லை என்பவர்களை நான் பார்த்துத்தான் லீவு. காய்ச்சல் இல்லையென்றால் நடிப்பு என்று முடிவுகட்டிவிடுவேன். அவ்வளவு திமிர் எனக்கு.

"இடுப்பு வலின்னு வந்தேன். எல்லாரு முன்னாலயும், 'நடிக்காத, போய் பால் மரத்த வெட்டு'ன்னீங்க. அப்பறம் யாருகிட்டயும் வலின்னு சொன்னதில்ல. மார்ல கட்டி வந்தப்பகூடச் சொல்லல."

குரலில் கோபமே இல்லை. எனக்கு அவர் முகம்கூட நினைவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து என்று மாற்றி எழுதினார். அன்றிலிருந்து நான் எந்த நோயாளியிடமும் "வலி இருக்கா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. எந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, எத்தனை வாய் சோறு இறங்கியது என்று கேட்பேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

அன்று முதல் வேளை மருந்தை நானே ஊற்றிக் கொடுத்தேன். "மன்னிச்சிருங்கக்கா," என்றேன். அவர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ரொம்பக் கசக்குதுங்கையா."

அந்த இடுப்பு வலிக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அதுதான்.