டிசியில் நான் போட்ட கையெழுத்து

போன மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது... படித்துவிட்டுத்தான் போட்டேன்!

ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் நான் மேலாண்மைக் குழு உறுப்பினர். பிளஸ் டூ படிக்கும் திவ்யா, பிராக்டிகல் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கூடப் படிக்கும் மாலதியின் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாள். வருஷம் பூரா எழுதிய நோட்டு. மாலதி அழுததைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

திவ்யாவுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். பரீட்சை நேரத்தில் டிசி என்றால், அவள் பிளஸ் டூ அத்தோடு சரி. அது தெரிந்தேதான் குழுவின் ஒப்புதலாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதை வாங்க அவள் அம்மா செல்வி வந்தார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு நேரே வந்திருந்தார். அழுவார், கெஞ்சுவார் என்று நினைத்தேன்.

“ஏன் கிழிச்சான்னு கேட்டீங்களா சார்?” என்றார்.

“அதான் கிழிச்சேன்னு அவளே ஒத்துக்கிட்டாளேம்மா,” என்றார் தலைமையாசிரியர்.

“எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனாலே அஞ்சு வாட்டி ஏன்னு கேப்பாங்க சார். கேக்காம ஸ்கிராப்ல போட்டா சூப்பர்வைசருக்கே டோஸ் வுழும். இவ என் பொண்ணு சார்.”

திவ்யாவையும் மாலதியையும் கூப்பிட்டார்கள். எல்லார் முன்னாலும் செல்வி மகளிடம் கேட்டார்.

“ஏன்டி கிழிச்ச?”

“கோவம்.”

“இன்னாத்துக்குக் கோவம்?”

“ஸ்டிக்கர் போட்டா.”

“அதுக்கு ஏன் உனக்குக் கோவம்?”

திவ்யா தலை நிமிரவில்லை. “உன்னுதும்மா... நைட் ஷிஃப்ட் முடிச்சு பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தப்ப வாயத் தொறந்துகினு தூங்கிட்டியே, அத்த இவ போட்டோ எடுத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஸ்டிக்கர் ஆக்கிட்டா. தெனமும் குட் நைட்டுக்கு எல்லாரும் அத்ததான் அனுப்புறாங்க.”

ஐந்து ‘ஏன்’ தேவைப்படவில்லை. மூன்றிலேயே காரணம் வந்துவிட்டது.

செல்வியின் முகம் சுருங்கிப்போனது. ஒரு நிமிஷம்தான். “எனக்குக் கஷ்டமாத்தான் கீது. அதுக்காக நோட்ட கிழிச்சது சரின்னு ஆயிடுமா? டிசி குடுத்துட்டா மட்டும் இந்தப் பொண்ணுக்கு நோட்டு வந்துருமா சார்? கிழிச்சவளே கூட உக்காந்து முடிச்சுக் குடுக்கட்டும்.”

“சாரி ஆன்ட்டி...” மாலதி விசும்பினாள்.

“எங்கிட்ட சொன்னா பத்தாதும்மா. ஸ்டிக்கர எங்க போட்டியோ அங்க சொல்லு.”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். அந்தத் தாளை வாங்கி என் கையெழுத்தை அடித்தேன். நோட்டு முடியும்வரை காவலுக்கு நானே உட்காருகிறேன் என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. இதை முடித்தே தீருவது என்ற பிடிவாதம் அதைவிட அதிகமாக இருந்தது.

பள்ளி விட்டதும் லேபில் எட்டு மாலைகள். ரெக்கார்டு மாலதியின் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் திவ்யா தன் நோட்டைப் பார்த்து வாசித்தாள், மாலதி எழுதினாள். முதல் இரண்டு நாள் ரீடிங்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ஒரு முறுக்குப் பாக்கெட் வந்தது... பாதி எனக்கு!

நோட்டு முடிந்தது. இருவரும் பிராக்டிகல் எழுதினார்கள். குரூப்பில் மாலதி மன்னிப்பும் கேட்டாள். ஆனாலும் இரண்டு பேர் இன்னும் அந்த ஸ்டிக்கரை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விட மாட்டேன், அடுத்து அவர்கள்தான் லேபுக்கு வரப்போகிறார்கள்.

இனி என்னிடம் டிசிக்குக் கையெழுத்துக் கேட்டு வருபவர்களே, முதலில் பிள்ளையிடம் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதுவரை நான் பேனா கொண்டுவருவதாக இல்லை!