ஆடாத டிரில் ஸ்டாண்ட்

2012 வாக்கில் நானும் என் மனைவியும் பென்னலூரில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. ஷிப்டு ஒத்துவருகிற வாரங்கள் குறைவு. அவள் வேலைக்குப் போய்விட்ட பொழுதுகளில் நான் சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் செய்துகொண்டிருப்பேன். விற்பதற்காக இல்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

செம்புத் தகடு ஒட்டிய போர்டில் சர்க்யூட்டை வரைந்து, வேண்டாத செம்பைக் கரைத்துவிட்டால், மிச்சமிருக்கும் கோடுகளில் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டைகளில்தான் உதிரிகளின் கால்கள் நுழையும். என்னிடம் கைக்குள் அடங்கும் ஒரு மினி டிரில் இருந்தது. பேனா பிடிப்பது போலப் பிடிக்கலாம். ஆனால் அதன் முனையில் மாட்டும் துளைபிட் ஊசியளவுதான் இருக்கும். இறங்கும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் முறிந்துவிடும்.

அந்த வருடம் பிட்டுகள் அடிக்கடி முறிந்தன. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று மனைவியிடம் சொன்னேன். பிட்டில் குறை எதுவும் இல்லை. என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சும்மா இருக்கும்போது தெரியாது. எதையாவது நுணுக்கமாகச் செய்யக் கையை நீட்டினால் நடுக்கம் வரும். கம்பெனியில் கேஜ் வைத்து அளக்கும்போது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துச் சமாளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை என்னாகும் என்ற கணக்கு ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்கார அம்மா ஒரு ஆம்ப்ளிஃபயர் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஜெபக் கூட்டம் நடக்கும். வாடகை மைக் செட் தெருவையே எழுப்பிவிடுகிறது, சின்னதாக ஒன்று போதும் என்றார். நான் சரி என்றுவிட்டேன். அதன் பிறகு இரண்டு போர்டுகளைக் கெடுத்தேன். டிசம்பர் பிறந்ததும் ஒரு காலையில் அவர் மாடிப்படியில் நின்று கேட்டார்.

"இன்னா தம்பி, பொட்டி இன்னும் ஆவலையா? முடியலன்னா சொல்லிடு, நாங்க வாடகைக்கே சொல்லிக்கிறோம்."

முடிந்துவிடும் என்றேன். அன்றே மனைவியிடம், ஒரு டிரில் ஸ்டாண்ட் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்லிவைத்தேன். மினி டிரிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளும் தாங்கி அது. நெம்புகோலை இழுத்தால் டிரில் நேராகக் கீழே இறங்கும், விட்டால் ஸ்பிரிங் மேலே தூக்கிவிடும். கை நேராக இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. சென்னைக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். தானும் வருவதாகச் சொன்னாள்.

வார விடுமுறை சேர்ந்து வந்த நாளில் புறப்பட்டோம். பஸ் செம்பரம்பாக்கத்தைத் தாண்டும்வரை அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். முந்தைய நாள் அவளுக்கு ஓவர்டைம்.

சென்னையில் எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ஒரு தெருவில் டூல்ஸ் கடை ஒன்று எனக்குத் தெரியும். கடைக்காரர் மூன்று ஸ்டாண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதலாவது பெரிய கம்பெனிச் சரக்கு, பார்க்க அழகாக இருந்தது. விலை எங்களுக்கு எட்டாது. தவிர, அதன் கழுத்து அந்தக் கம்பெனியின் டிரிலுக்கு மட்டுமே பொருந்தும். பையிலிருந்து என் டிரிலை எடுத்து வைத்துப் பார்த்தேன், மரை பிடிக்கவில்லை. இரண்டாவது பிளாஸ்டிக், மூன்றிலும் விலை குறைந்தது. நெம்புகோலை இழுத்ததும் தலைப்பகுதி பக்கவாட்டில் அசைந்தது. மூன்றாவது இரும்பில் வார்த்தது. பெயின்ட் சரியில்லை, ஓரங்கள் சொரசொரப்பாக இருந்தன. டிரிலைப் பிடிக்கும் வளையம் மட்டும் கொஞ்சம் பெரிது.

பிளாஸ்டிக்கே போதும் என்று எனக்குத் தோன்றியது. விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், கையில் கோளாறு இல்லாத ஒருவன் அதைத்தான் வாங்குவான். எப்போதாவது ஓட்டை போடுகிறவன்தானே என்று கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் அதை எடுத்து அட்டைப் பெட்டியில் வைக்கப் போனார்.

மனைவி அவரை நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, கை நடுங்குதவங்களுக்கு இதுல எது சரியா வரும்?"

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு இன்றும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. பிளாஸ்டிக்கை ஒதுக்கி வைத்துவிட்டு இரும்பு ஸ்டாண்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்டின்னா இத்த எத்துக்கினு போங்கமா. அடி நல்லா வெயிட்டா கீது. இழுக்கறப்ப கை ஆடினாலும் இது ஆடாது. வளையத்துல சைக்கிள் டியூப்பு ஒரு சுத்து சுத்திட்டு டைட் பண்ணிக்கங்க."

அவளே ஒருமுறை நெம்புகோலை இழுத்துப் பார்த்தாள். தலையைப் பிடித்து ஆட்டியும் பார்த்தாள். அதையே வாங்கினோம்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டாண்ட் என் மடியில் கனத்தது. பூந்தமல்லி தாண்டியதும், எப்போதிலிருந்து தெரியும் என்று அவளைக் கேட்டேன்.

"ஆடி மாசத்துலயே தெரியும். அன்னையிலருந்து காப்பிய டம்ளர்ல பாதிதான ஊத்தித் தாரேன், தளும்பக் கூடாதுன்னு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பாதி குடித்ததும் மறுபடி ஊற்றுவாள். சூடு ஆறாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவமானமாக இருந்ததா என்று இப்போது யோசித்தால், இல்லை. களைப்பாக இருந்தது. ஒன்றை வெகுநேரம் இழுத்துப் பிடித்திருந்து, பிறகு கையை விட்டால் வருமே, அந்தக் களைப்பு.

அடுத்த வாரம் அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொன்னார், கையை நீட்டி வைக்கச் சொன்னார். சிலருக்கு இப்படி வருவதுண்டு, உயிருக்கு ஒன்றுமில்லை, மாத்திரையால் குறையலாம், முழுக்கப் போகாது என்றார். அப்பாவுக்கும் கை நடுங்குமா என்று கேட்டார். நடுங்கும். வயதானதால் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம் சொல்ல இன்னும் சில நாள் ஆயிற்று. அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் என்னைக் கேஜ் வேலையிலிருந்து எடுத்து, பாகங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ஆனால் அளக்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. அது போனது வருத்தம்தான்.

இரும்பு ஸ்டாண்ட் சொன்னபடி ஆடவில்லை. டியூப்பைச் சுற்றி இறுக்கிய பிறகு ஒரு பிட்கூட முறியாமல் அந்தப் போர்டு முடிந்தது. உதிரிகளைப் போர்டில் ஈயத்தால் பற்றவைப்பதுதான் வரவில்லை. ஈயம் பக்கத்துக் கோட்டில் ஒழுகியது. மனைவி சால்டரிங் அயர்னைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் பழகிய கை. எந்த உதிரி எங்கே என்று நான் காட்டினேன், அவள் பற்றவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலையை இருவரும் சேர்ந்து செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜெபக் கூட்டத்தன்று மாலை பெட்டியை மொட்டை மாடியில் வைத்தபோது லேசாக இரைந்தது. எர்த் வயரை மாற்றிப் போட்டதும் அடங்கியது. வீட்டுக்கார அம்மா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, தெருவுக்குக் கேட்காத அளவுக்கு இருக்கிறது, இதுதான் வேண்டும் என்றார். எங்கள் இருவருக்கும் பாட்டு எதுவும் தெரியாது. இருந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் கேக் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தோம்.