நான் மாற்றி வைத்த தழை

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு பதவி இருந்தது. டீச்சர் வெளியே போகும்போது பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். ஒருமுறை என் உயிர்த்தோழி தும்மியதற்கே அவள் பெயரை எழுதி அடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தும்மல் பேச்சில் சேருமா என்று எனக்கே சந்தேகம்தான். சந்தேகம் வந்தால் எழுதிவிடுவது என் வழக்கம். இப்படிப்பட்ட பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அத்தை காட்டுக்குள் நடந்தாள் என்றால், அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அது எண்பதுகளின் கடைசி. நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு முடியிறக்கிக் கிடா வெட்ட, செண்பகத்தோப்பைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் போவதென்று அப்பா நாள் குறித்தார். அப்பாவின் தங்கைதான் அத்தை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆபீசில் இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி அவளுக்குக் கார்டு வந்திருந்தது. ஆனால் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டில், வேலைக்குப் போகிற பெண் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதில் போட்டிருந்த தேதியையே கிடா வெட்டுக்கும் வைத்தார். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் புதுப்பாவாடை மட்டும்தான்.

காலையிலேயே வேனில் அடிவாரத்துக்குப் போய் இறங்கினோம். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. மாட்டுத்தடம், விறகு எடுக்கப் போகிறவர்களின் தடம், கோயில் தடம் என்று அங்கங்கே பிரியும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒருதரம் போகிற எங்களுக்கு எது எங்கே போகும் என்று நினைவிருக்காது. அதனால் வழி தெரிந்த ஓர் ஆள் முன்னால் போவார். தடம் பிரிகிற இடத்தில், போகக்கூடாத தடத்தின் குறுக்கே பச்சைத் தழையை ஒடித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர்கள் தழை கிடக்கிற தடத்தை விட்டுவிட்டு மற்றதில் ஏறுவார்கள்.

"தழை கெடந்தா அங்கிட்டுக் கால வைக்கப்படாது. வச்சா ஆனைக்கு வெருந்துதான்" என்று அப்பா வேனிலேயே எனக்குச் சொல்லி வைத்திருந்தார். போர்டில் எழுதி வைத்த மாதிரி அது என் மண்டையில் பதிந்துவிட்டது.

"அண்ணே, நான் முன்னால போயி வாசலைக் கூட்டி அடுப்பு மூட்டுதேன். வழி எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை.

"ஒத்தையிலயா?"

"இவளைக் கூட்டிட்டுப் போறேன்."

அப்பா யோசித்தார். பெரியப்பா இழுத்த கிடா நடக்க மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்றது. அம்மாவோ தம்பிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் எல்லாருக்கும் முன்னால் நடக்கிற அம்மா அன்றைக்கு ஏன் இப்படி ஆற அமர உட்கார்ந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. "சரி, தழை மட்டும் ஒழுங்காப் போட்டுட்டுப் போ" என்றார் அப்பா.

அத்தை இடுப்பில் கூடையோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள். முதல் பிரிவில் அவள் தழை போட்டாள், நான் கல் வைத்தேன். இரண்டாவது பிரிவில் ஒரு தடம் வலது பக்கம் மேட்டில் ஏறியது, இன்னொன்று இடது பக்கம் கீழே இறங்கியது. அத்தை புங்கங்கிளையை ஒடித்து இடது தடத்தில் போட்டாள். நான் கல் வைத்தேன். உடனே அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தழையைத் தாண்டி, அந்தத் தடத்திலேயே இறங்கி நடந்தாள்.

நான் நின்றுவிட்டேன். "அத்தே, தழை கெடக்கு."

"நாந்தானட்டி போட்டேன். தாண்டி வா."

"கால வைக்கப்படாதுன்னு அப்பா சொன்னாரே."

"அது பின்னால வாரவியளுக்கு."

"அப்ப கோயில் இங்கிட்டா இருக்கு?"

"வாயப் பொத்திக்கிட்டு வந்தா பால்கோவா வாங்கித் தாரேன், வா."

காட்டுக்குள் யார் பால்கோவா விற்பார்கள்? எனக்குத் தலை சுற்றியது. கோயில் இந்தப் பக்கம் என்றால் தழை தப்பு. தழை சரி என்றால் நாங்கள் போவது தப்பு. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அத்தை பிளஸ் டூ படித்தவள், வழி தப்பமாட்டாள். ஆகவே அவசரத்தில் தழையைத்தான் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு வந்ததுமே பயமும் வந்தது. பின்னால் வருகிற அம்மாவும் தம்பியும் தழையை நம்பி மேட்டுத் தடத்தில் ஏறி, நேராக யானையிடம் போய் நிற்பார்கள்.

தடம் கண்மாய்க்கரையில் கொண்டுபோய் விட்டது. தை மாதம், கண்மாய் விளிம்பு வரைக்கும் நிறைந்து கிடந்தது. நீர்க்காகங்கள் கருவேல மரத்தில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கரையோடு போனால் அந்தக் கடைசியில் மம்சாபுரத்துத் தென்னைகள் தெரிந்தன. அங்கே பஸ் ஏறித்தான் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டுதான். அவள் ஒரு பாறையைக் காட்டி, "செத்த நேரம் இங்கனயே நில்லு, சேலை மாத்திட்டு வாரேன்" என்று அதன் பின்னால் போனாள்.

நான் வந்த வழியே ஓடினேன். கல்லைத் தள்ளி, தழையை எடுத்து மேட்டுத் தடத்தில் போட்டேன். முன்பு வைத்ததைவிடப் பெரிய கல்லாகப் பார்த்து உருட்டி வைத்தேன். அம்மாவையும் தம்பியையும் காப்பாற்றிவிட்ட பெருமையில் திரும்பி ஓடும்போது குதிகாலில் முள் ஏறியது.

அத்தை முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். கட்டியிருந்தது அம்மாவின் நீலச் சேலை, டிரங்குப் பெட்டிக்குள் இருப்பது. கையில் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்கள், மேலே ஒரு கார்டு.

"எங்கட்டி போன?"

"ஒண்ணுக்கு" என்றேன். நல்ல காரியத்துக்காக நான் சொன்ன முதல் பொய். "அம்மா சேலைய ஏன் கட்டியிருக்க?"

"உங்கம்மாதான் குடுத்தா."

நான் நொண்டுவதைப் பார்த்ததும் உட்கார்ந்து, சேலை ஊசியைக் கழற்றி முள்ளை எடுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் முள்ளைத் தோண்டுவதுமாக இருந்தாள். எடுத்த பிறகும் என்னால் கால் ஊன்ற முடியவில்லை. கூடையைப் புதரில் போட்டுவிட்டு, எட்டு வயதுக் கழுதையான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பாள். அந்த யோசனை அவளுக்கு வந்ததாகவே தெரியவில்லை.

பாதிக் கரையில் பின்னால் கிடா கத்தியது. அத்தை சட்டென்று என்னோடு ஒரு புதர் மறைவில் உட்கார்ந்தாள். அப்பா கரையில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தார். அவருக்குப் பின்னால் அம்மாவின் குரல், எப்போதும் இல்லாத சத்தமாக: "ஏங்க, வழி தப்பி வந்துட்டோம்! திரும்புங்க, பிள்ளைக்கு வெயில் ஏறுது!"

அப்பா திரும்பினார். "கம்முனு இரு, என் தங்கம்ல" என்றாள் அத்தை என் காதில். ஆனால் அம்மாவே வழி தப்பிவிட்டோம் என்கிறாளே. கண் முன்னால் நாங்கள் இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"அப்பா! இங்கன இருக்கோம்!" என்று கத்தினேன்.

அப்பா அத்தையை அடிக்கவில்லை. கார்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "பீரோ சாவிய எடுத்தது யாரு?" என்று ஒருமுறை கேட்டார். அம்மா தம்பியின் தலைத்துண்டைச் சரி செய்துகொண்டிருந்தாள். மம்சாபுரத்தில் பஸ் ஆரன் அடித்துக் கிளம்பும் சத்தம் தண்ணீர் மேலே கேட்டது. நானாகவே, தழையை மாற்றி வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "எம்புட்டு அறிவு பாருங்க எம்புள்ளைக்கு" என்றார் பெரியப்பாவிடம்.

திரும்பி நடந்தோம். பிரிவுக்கு வந்ததும் நான் வைத்த தழையை அப்பா காலால் தள்ளிவிட்டு மேட்டில் ஏறினார். யானை இல்லை. கோயில்தான் இருந்தது. அப்படியென்றால் அத்தை போட்ட தழைதான் சரி. சரியாகப் போட்டவளிடம் ஒருவரும் பேசவில்லை. எல்லாரையும் வழி மாற்றிவிட்ட நான் அப்பாவின் தோளில் இருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் இது எனக்குக் கணக்கு வரவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

கிடா வெட்டியதும் ஈரலைச் சுட்டு, முதல் துண்டை அப்பா எனக்குக் கொடுத்தார். அது எப்போதும் பெரியப்பாவுக்குப் போகிற துண்டு. அத்தை, நீலச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. புகை என்றார் பெரியப்பா. புகை இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஈரல் கொடுக்கவில்லை, அதுதான். பாவமாக இருந்தது. என் துண்டில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு இன்னொரு துண்டு கேட்க அப்பாவிடம் நொண்டிக்கொண்டே ஓடினேன்.