இருக்கை இல்லாத நடைவண்டி

பேத்தி தேன்மொழிக்கு அப்போது ஒன்றரை வயது. பிடித்து நிற்க வைத்தால் நுனிக்காலில் நிற்பாள். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். "நம்ம வம்சத்துல எல்லாரும் லேட்டாதான் நடப்போம்" என்று வீட்டாரை அடக்கினேன். ஆறு மாதம் வீணானது. நீங்கள் வீணாக்காதீர்கள்.

கிருஷ்ணகிரியில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காமல் போவது). "முழுசா சரியாகாது. பயிற்சி குடுத்தா முன்னேறும். நடப்பாளான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

மருமகள் சுஜாதா அழுதாள். நான் அழவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு அஞ்செட்டியில் மாடு மேய்த்தவன், ஓசூரில் பதினோரு பேருக்கு வேலை கொடுக்கும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் கைக்கு மசியாத இரும்பு கிடையாது.

கால் இரும்பில்லை. வெடுக்கென்று இழுத்தால் தசைவிறைப்பு (தசை தானாக இறுகிக்கொள்வது) இன்னும் கூடும். "மெதுவா புடிங்க ஐயா. முப்பது எண்ணுங்க, தன்னால எளகும்" என்றார் பிசியோதெரபிஸ்ட் கவிதா. எண்ணினேன். இளகியது. அதோடு, சின்ன முக்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினமும். பாதம் மடங்காமல் இருக்கக் கணுக்கால் தாங்கி (காலின் அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் உறை).

நடைவண்டியை நானே செய்தேன். ஸ்டெயின்லெஸ் குழாய், நாலு சக்கரம், நடுவில் மெத்தை வைத்த இருக்கை. விழவே முடியாது. ஓசூரில் எவனும் இப்படிச் செய்திருக்க மாட்டான்.

கவிதா வண்டியைச் சுற்றி வந்தார். "பிரமாதம் ஐயா. ஆனா பாப்பா நடக்கல, சவாரி போவுது. காலு சும்மா தொங்குது பாருங்க. சீட்டக் கழட்டிருங்க."

"உழுந்துட்டா?"

"உழுவா. அவ எந்திரிச்சுருவா. உங்களத் தேத்துறதுதான் கஷ்டம்."

எனக்கு ரோஷம். ஒரு வாரம் வண்டியைத் தொடவில்லை. கடைசியில் சுஜாதா சொன்னாள்: "மாமா, நீங்க வெட்டலன்னா பட்டறை ஆளுங்களக் கூப்ட்டு நானே வெட்டிருவேன்."

நான் வைத்த வெல்டிங்கை இன்னொருவன் வெட்டுவதா? கிரைண்டரை எடுத்து நானே அறுத்தேன். முதுகு நிமிரட்டும் என்று கவிதா சொன்னபடி, சட்டம் முதுகுப்பக்கம் வருமாறு மாற்றி அமைத்தேன். அதிலும் என் வேலை சுத்தம்தான்.

முதல் வாரம் மூன்று முறை விழுந்தாள். ஒருமுறை உதடு கிழிந்தது. அன்று சோறு இறங்காதது எனக்குத்தான். அவள் சாப்பிட்டாள்.

இப்போது நாலு வயது. பட்டறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு எனக்குப் பத்து எட்டு தூரம். நடைவண்டியைப் பிடித்து நடக்கும் அவளுக்குக் கால் மணி நேரம். நேற்று பாதி வழியில் தடுமாறினாள். தூக்கக் குனிந்தேன்.

"தாத்தா, வழி வுடு."

விட்டேன். அவள் பின்னால் நடந்தேன். இடுப்பு சாய்கிறது, முட்டி வருகிறது, பாதம் பதிகிறது, அப்புறம்தான் அடுத்த கால். அறுபத்தெட்டு வருடம் நடந்திருக்கிறேன். ஓர் எட்டுக்குள் இத்தனை வேலை நடப்பது எனக்குத் தெரியாது. என் காலையும் அப்படியே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். குழாய் வந்தபோது, அதற்குள் வந்துவிட்டதே என்றிருந்தது.