நானே மோட்டார் ஆன கதை

வாத்தியார் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

1. உத்தரவு

"பிள்ளைகளுக்கு ரோட்டில் நடக்கச் சொல்லிக் குடும்" என்று பெரிய வாத்தியார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடக்கத் தெரியாமலா பள்ளிக்கூடம் வருகிறார்கள்?

"சிரியும் வே. நேத்து நம்ம எஸ்தர் பாவாடை மோட்டார் சக்கரத்துல சிக்காம தப்பிச்சது கர்த்தர் கிருபை. ஒண்ணாங்கிளாஸ் உம்ம கிளாஸ்தானே? நீரே பாத்துக்கிடும்" என்றார்.

அப்போது பாளையங்கோட்டைக்கு மோட்டார் புதிது. எங்கள் பள்ளிக்கூடமோ சாலையை ஒட்டி. மாட்டுவண்டியின் பின்கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பள்ளிக்கு வருவது பிள்ளைகள் வழக்கம். மாடு பைய நடக்கும், வண்டிக்காரர் தூங்குவார், யாருக்கும் சேதமில்லை. மோட்டாரிலும் அப்படித் தொங்கலாம் என்று நினைத்து, சத்தம் கேட்டால் போதும், துரத்த ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பாட்டுப் பழக வேதக்கோயிலுக்கு அந்தச் சாலை வழியாக அவர்களைக் கூட்டிப்போகிறவன் நான். ஒரு பிள்ளை அடிபட்டால் அதன் தாய் முகத்தில் எப்படி விழிப்பது? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. பாடம்

பாடம் நடத்த மோட்டாருக்கு எங்கே போக? நானே மோட்டார் ஆனேன். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதிக்கொண்டு, கோட்டு பறக்க மைதானத்தில் ஓடுவேன்.

"மோட்டார் வந்தா என்ன செய்யணும்?"

"இடது பக்கம் ஒதுங்கணும்! கை கோக்கணும்! தூசி அடங்குத வரைக்கும் நிக்கணும்!"

வாய்ப்பாடம் சரியாகத்தான் வந்தது. கால்தான் கேட்கவில்லை. முதல் நாள் அத்தனை பேரும் என்னைத் துரத்தி வந்து கோட்டு வாலைப் பிடித்துத் தொங்கினார்கள். முதுகுத் தையல் பிரிந்தது.

வேலிக்கு அப்பால் பதநீர் விற்கிற அம்மாள் தினமும் வேடிக்கை பார்ப்பாள். "என்ன சார்வாள், மோட்டாருக்கு இன்னைக்கு இப்படி மூச்சு வாங்குது? ஒரு ஓலைப்பட்டை பதநீர் ஊத்தட்டுமா?"

சில மாதங்கள் விடாமல் ஓடினேன். கடைசியில் நான் ஓடத் தொடங்கினாலே போதும், மொத்த வகுப்பும் ஓரமாக ஒதுங்கிக் கை கோத்து நின்றது. பெரிய வாத்தியார் வந்து பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

3. நிஜம்

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகும் வழி. புளியமரங்களுக்கு அடியில் வரிசை கலைந்துவிட்டது. நடுச்சாலையில் உதிர்ந்து கிடந்த புளியம்பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நாலு எட்டு முன்னால் நின்று, "ஏலே, வாங்கலே!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர்களுக்குப் பின்னால், சாலைத் திருப்பத்திலிருந்து அது வந்தது. ஒரு உறுமல், ஒரு புகை, இரண்டு பித்தளைக் கண்.

அதுவரை மோட்டாரை நான் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. அதன் சுபாவத்தைப் பற்றி மாதக்கணக்கில் பிரசங்கம் செய்தவன், திரும்பி ஓடினேன். ஓரமாகவா? நடுச்சாலையில்! செருப்பு ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். கடைசியில் வலப்பக்கத்து வாய்க்காலில் போய் விழுந்தேன். வண்டி கடந்துபோனது.

சேற்றில் மூக்கு முட்டக் கிடந்தபோதுதான் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. ஒரு சத்தமும் இல்லை. கரையைப் பிடித்து ஏறிப் பார்த்தேன்.

சாலையின் இடது ஓரம். தலைமுதல் கால்வரை செம்மண் அப்பிய ஒரு நீண்ட வரிசை. கையோடு கை. ஒருவர் குறையவில்லை. தூசி அடங்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர்தான் முதலில் பேசினாள். "சார்வாள், நீங்க ஓடுனதும் மோட்டார் ஆயிட்டீங்கன்னு நாங்க ஒதுங்கிட்டோம். ஏன் பீப்பி ஊதலை? உங்க பின்னாலயே போச்சே, அது இன்னொரு மோட்டாரா?"

கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திய டிரைவர் இறங்கி வந்தார். வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளைகள்லாம் ஒழுங்காத்தான் நிக்கி, அண்ணாச்சி. உம்மளத்தான் வே ரோட்டுல தனியா விடக்கூடாது."

4. படித்தது

வாய்க்குப் பாடம் வேறு, காலுக்குப் பாடம் வேறு. அவர்கள் நின்று பழகியிருந்தார்கள், நின்றார்கள். நான் ஓடியே பழகியிருந்தேன், ஓடினேன். ஆகவே தம்பிமார்களே, எதைச் சொல்லிக் கொடுத்தாலும் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் அதைச் செய்து பழகுங்கள்.

திங்கட்கிழமை பீப்பியை எஸ்தர் கையில் கொடுத்தேன். அவள் மோட்டார் ஆனாள். நான் வரிசையில் கடைசி ஆள். அவள் ஊதிக்கொண்டு பாய்ந்து வந்தாள், போனாள். முடிந்தது என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். பக்கத்துப் பயல் என் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தான்.

"நில்லுங்க சார்வாள். தூசி இன்னும் அடங்கலை."